தொலைதூர நண்பர்களோட ஆன்லைன்ல டேபிள்டாப் ஆர்.பி.ஜி.: தண்டையார்பேட்டை, சிங்கப்பூர், துபாய், நியூ ஜெர்சி

தண்டையார்பேட்டை_டி20

எல்லாருக்கும் வணக்கம். ஆளுக்கொரு பாத்திரமா பகடை உருட்டிக் கதை ஆடுற டேபிள்டாப் ஆர்.பி.ஜி.யை ஆன்லைன்ல ஆட ஒரு உதவி வேணும். குழுவுல நாலு பேர். ஆட்டத்தை நடத்தப்போற ஜி.எம். நான், தண்டையார்பேட்டை. மத்த மூணு பேர் சிங்கப்பூர், துபாய், நியூ ஜெர்சி. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு விதிகள் எல்லாருக்கும் தெரியும். மேஜையில ஆடின பழக்கம் உண்டு, ஆன்லைன்ல கிடையாது.

கையில இருக்கிறது: 8 ஜிபி ராம் லேப்டாப், ஏரியா கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் கனெக்‌ஷன் (டவுன்லோடு 50 எம்பிபிஎஸ், அப்லோடு 10), ப்ளூடூத் இயர்பட்ஸ். துபாய்க்காரர் போன்லதான் வருவார்.

எந்த சாஃப்ட்வேர்? எந்த நேரம்? மேப் போட்டே ஆகணுமா? நடுவுல கரண்ட் போனா என்ன வழி?

மின்ட்_மணிக்கூண்டு

சாஃப்ட்வேரை அப்புறம் பார்க்கலாம் நண்பா. ஆன்லைன் குழு கலையுறதுக்கு முதல் காரணம் நேரம்தான்.

உங்க நாலு ஊருக்கும் ஒத்து வர்றது சனிக்கிழமை நம்ம மாலை 6:30. அப்போ துபாய்ல மாலை 5, சிங்கப்பூர்ல இரவு 9, நியூ ஜெர்சியில கோடைன்னா காலை 9, குளிர்காலம்னா காலை 8. நிறைய பேர் சாப்பிட்டு உட்காரலாம்னு இரவு 8:30 வைக்கிறாங்க. அப்படி வச்சா சிங்கப்பூர்ல 11 மணி. இரண்டரை மணி நேரம் ஆடினா அவருக்கு ராத்திரி ஒன்றரை ஆயிடும். ரெண்டு வாரம் வருவார், மூணாவது வாரம் தூங்கிடுவார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

அமெரிக்காவுல மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பாங்க. நமக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அந்த வழக்கம் கிடையாது. ஆக வருஷத்துல ரெண்டு தடவை ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நேரம் நகரும். "எப்பவும் போல 9 மணி"ன்னு வாட்ஸ்அப்ல போட்டீங்கன்னா அந்த வாரம் கண்டிப்பா குழப்பம்தான். இந்திய நேரத்தை நிலையா வச்சு கூகுள் காலண்டர்ல தொடர் நிகழ்ச்சியா போட்டு மூணு பேரையும் சேர்த்துடுங்க, அவங்கவங்க ஊர் நேரத்துல அதுவே காட்டும். நாளைக்கு லண்டன்ல இருந்து ஒருத்தர் சேர்ந்தா இன்னும் கவனம் வேணும். அங்க கடிகாரம் மாறுறது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். மார்ச்ல நடுவுல இருக்கிற ரெண்டு மூணு வாரமும் அக்டோபர் கடைசியில ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடைவெளி 5 மணி நேரத்துக்குப் பதிலா 4.

துபாய் நண்பர்கிட்ட சனிக்கிழமை லீவான்னு கேட்டுக்கோங்க. 2022 ஜனவரியில இருந்து அங்க அரசு வார விடுமுறை சனி, ஞாயிறு. ஆனா தனியார்ல சனிக்கிழமை வேலை வைக்கிற இடங்கள் இன்னும் இருக்கு.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஆரம்பிக்கிற நேரத்தை விட முடிக்கிற நேரத்தைக் கறாரா வையுங்க. ஜி.எம். தவிர ரெண்டு பேர் வந்தா ஆட்டம் நடக்கும்னு முதல்லயே பேசி வச்சுடுங்க. வராதவரோட பாத்திரம் படகுக்குக் காவல் இருக்கு, காய்ச்சல்ல படுத்திருக்குன்னு ஒரு வரியில முடிச்சுடலாம். வேற ஒருத்தர் கையில அந்தப் பாத்திரத்தைக் கொடுத்து சண்டைக்கு இழுத்துட்டுப் போனா, அது செத்துப்போற அன்னைக்கு நட்புல விரிசல் வரும்.

ராயபுரம்_ரேடியோ

அடுத்தது சத்தம். ஆட்டம் முழுக்கப் பேச்சுலதான் நடக்குது, அதனால இதுல கொஞ்சம் விரிவா எழுதறேன்.

ப்ளூடூத் இயர்பட்ஸை ஓரம் வச்சுடுங்க. பாட்டு கேக்கும்போது அது நல்ல தரத்துல ஓடும். அதே இயர்பட்ஸ்ல மைக் ஆன் ஆன உடனே லேப்டாப் அதை டெலிபோன் முறைக்கு மாத்திடும். ஸ்டீரியோ போயிடும், குரல் குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும், கொஞ்சம் தாமதமும் சேரும். 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள சாதாரண ஒயர் ஹெட்செட் இதைவிட எவ்வளவோ மேல். பாரிமுனை பர்மா பஜார்ல வாங்கினா பின்ல மூணு கறுப்பு வளையம் இருக்கான்னு பாருங்க. மூணு வளையம் இருந்தா மைக்கும் சேர்ந்தது. ரெண்டு வளையம்தான் இருக்குன்னா அது வெறும் ஸ்டீரியோ, மைக் வேலை செய்யாது. லேப்டாப்ல மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை இருந்தா பிரிப்பான் ஒயர் ஒண்ணு கூட வாங்கணும்.

மைக் வாய்க்கு நேரா வேண்டாம், ஓரமா ரெண்டு விரல் தள்ளி இருக்கட்டும். ஸ்பீக்கர்ல யாரும் கேக்கவே கூடாது. ஒருத்தர் ஸ்பீக்கர்ல போட்டா அவரைத் தவிர மத்த எல்லாருக்கும் தன் குரலே எதிரொலிக்கும். அதனால எதிரொலி யாருக்குக் கேக்கலையோ, அவர் பக்கம்தான் கோளாறு. இதை ஞாபகம் வச்சுக்கிட்டா பத்து நிமிஷத் தேடல் மிச்சம்.

குழுவாப் பேச டிஸ்கார்ட் ஆப் வச்சுக்கிட்டா, அதோட வாய்ஸ் சேனல் செட்டிங்ஸ்ல ரீஜன் (சர்வர் இருக்கிற இடம்) தானா எடுத்துக்கிறதை நிறுத்திட்டு, இந்தியா அல்லது சிங்கப்பூர்னு நீங்களே வையுங்க. வாக்கியத்தோட முதல் எழுத்து விழுங்கப்படுதுன்னா இன்புட் சென்சிட்டிவிட்டி தானியங்கியா இருக்கு, அதைக் கைமுறையா மாத்தி கோட்டைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்க.

பின்னணி இசை போட்டா திடீர்னு அமுங்கிப் போகும். விண்டோஸ் தானாவே அழைப்பு நேரத்துல மத்த சத்தங்களை 80 சதவீதம் குறைச்சுடும். சவுண்ட் அமைப்புல கம்யூனிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் "எதுவும் செய்யாதே"ன்னு வையுங்க.

ஆடி மாசத்துல தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஓடுற நாள்ல எந்த மென்பொருளும் முழுசா காப்பாத்தாது. அந்த நாள்களைத் தவிர்த்துடுங்க, மத்த நாள்ல பேசும்போது மட்டும் பட்டனை அழுத்துற முறைக்கு மாறுங்க.

பேசின்பிரிட்ஜ்_பாட்ச்

ரேடியோ அண்ணன் சொன்னதுல ஒரு திருத்தம். துபாய்ல இருந்து ஒருத்தர் வர்றார்ல, அதைக் கவனிக்கணும். அமீரகத்துல இணையம் வழியா பேசுறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு. வாட்ஸ்அப் கால் அங்க போகாது, டிஸ்கார்ட் குரலையும் நம்பி உட்கார முடியாது. வி.பி.என். போட்டு அந்தத் தடையைச் சுத்தி வர்றது அங்க வேலை செய்றவருக்குச் சட்டச் சிக்கல் கொண்டுவரும், அதை யாரும் சொல்லிக் கொடுக்காதீங்க. மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் ஜூமும் அங்க அனுமதி உள்ளவை. பேச்சை அங்க வச்சுக்கோங்க, எழுத்தையும் பகடையையும் டிஸ்கார்ட்ல வையுங்க.

இலவசக் கணக்குல ஜூம் 40 நிமிஷத்துல துண்டிக்கும், டீம்ஸ் 60 நிமிஷம். துண்டிக்கிறதைத் தொல்லையா நினைக்காம ஆட்டத்தோட இடைவேளையா மாத்திக்கோங்க. டீம்ஸ்ல 50 நிமிஷம் ஆட்டம், 5 நிமிஷம் தண்ணி குடிக்க, திரும்ப அதே லிங்க். மூணு சுத்து போனா இரண்டரை மணி நேர ஆட்டம் கனகச்சிதமா முடிஞ்சுடும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு காட்சின்னு ஜி.எம். தயார் பண்ணிக்கலாம்.

ராயபுரம்_ரேடியோ

சரியான திருத்தம், நன்றி. அப்போ டீம்ஸ்லயும் ஜூம்லயும் நாய்ஸ் சப்ரஷனை (இரைச்சலை அடக்குற வசதி) "குறைவு"ல வையுங்க. "அதிகம்"ல வச்சா மெதுவா கிசுகிசுத்துப் பேசுற காட்சியெல்லாம் இரைச்சல்னு நினைச்சு வெட்டிடும்.

சென்னைக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் போய்வர ஒரு நொடியில கால்பங்கு ஆகும். அதனால ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க"ன்னு போகும். இதுக்குத் தீர்வு ஜி.எம். கையில இருக்கு. "இப்போ யார் என்ன பண்றீங்க?"ன்னு பொதுவா கேக்காதீங்க. பாத்திரத்தோட பேரை முதல்ல சொல்லி, அப்புறம் கேள்வி: "மாரி, கதவு திறந்துடுச்சு, என்ன செய்ற?"

மூலக்கடை_மேப்

சாஃப்ட்வேருக்கு வர்றேன். மேப்பையும் பகடையையும் எல்லார் திரையிலயும் காட்ட மூணு வழி இருக்கு.

ரோல்20, 2012ல வந்தது, பிரௌசர்லயே ஓடும். இலவசக் கணக்குல இடம் 100 எம்பிதான், பெரிய மேப்புகளை ஏத்தினா சீக்கிரம் நிறைஞ்சுடும்.

ஃபவுண்ட்ரி, 2020ல வந்தது. ஒரே தடவை 50 டாலர், அதுவும் ஜி.எம். மட்டும் வாங்கினா போதும், ஆட்டக்காரங்களுக்குச் செலவில்ல. சர்வர் உங்க லேப்டாப்லயே ஓடும். வெளிச்சம், சுவர், கதவு, தானா கணக்குப் போடுற கேரக்டர் ஷீட் (பாத்திர விவரத் தாள்) எல்லாம் உண்டு. சக்தி அதிகம், அதைக் கட்டி மேய்க்கிற வேலையும் அதிகம். போன்ல வர்றவருக்கு இது சரிப்படாது.

ஔல்பேர் ரோடியோ, பிரௌசர்ல ஒரு லிங்க், அவ்வளவுதான். ஆட்டக்காரங்க கணக்கு தொடங்கவே வேண்டாம். மேப், டோக்கன் (பாத்திரத்துக்கான காய்), மூடுபனி (இன்னும் பார்க்காத இடத்தை மறைக்கிறது), பகடை. விதி எதையும் அது கணக்குப் போடாது, அதை நீங்க வாயால பண்ணுவீங்க. துபாய்க்காரர் போன்ல வர்றதால உங்களுக்கு நான் சொல்றது இதைத்தான்.

எதை எடுத்தாலும் மேப் ஃபைலோட எடையைக் குறைங்க. ஒரு கட்டத்துக்கு 100 பிக்சல் போதும். 30க்கு 20 கட்டம் உள்ள இடம்னா 3000க்கு 2000 பிக்சல். இதை பி.என்.ஜி.யா வச்சா 10 எம்பியைச் சாதாரணமா தாண்டும், வெப்பி ஃபார்மட்ல தரம் 80ல சேமிச்சா 1 எம்பி சுத்தி நிக்கும். ஃபவுண்ட்ரியை உங்க லேப்டாப்ல ஓட்டினா இது உயிர் போற விஷயம். 25 எம்பி மேப் மூணு பேருக்குப் போகணும்னா 75 எம்பி, அதாவது 600 மெகாபிட். உங்க அப்லோடு 10 எம்பிபிஎஸ். முழுசா ஒரு நிமிஷம் லைன் அடைச்சு நிக்கும், அந்த ஒரு நிமிஷமும் உங்க குரல் வெட்டி வெட்டிப் போகும். எல்லாரும் "மைக் சரியில்ல"ன்னு சொல்லுவாங்க, உண்மையில மைக்குக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. 1 எம்பி மேப்னா அதே வேலை ரெண்டரை நொடி. ஃபவுண்ட்ரியில காட்சிப் பேர் மேல ரைட் கிளிக் பண்ணினா முன்கூட்டியே ஏத்துற வசதி உண்டு, இடைவேளையில அதைப் பண்ணிடுங்க.

தாயக்கட்டை

மேப் போட்டே ஆகணுமான்னு கேட்டிருக்கீங்க. தேவையில்லைன்றது என் கருத்து.

டி அண்ட் டி 1974ல மினியேச்சர் போர் விளையாட்டுல இருந்து பிறந்தது. அடி, கட்டம், தூரம்னு எண்ணுறது அதோட ரத்தத்துல இருக்கு. அதை ஆன்லைன்ல ஆடும்போது எல்லாரோட கண்ணும் டோக்கன்லயே இருக்கும், காது போயிடும். தூரத்துல இருக்கிற நண்பர்கள் பேசிக்கிறதுக்காக உட்கார்றாங்க. பேச்சைச் சுத்திக் கட்டின விதிகளை எடுத்துப் பாருங்க. பிளேட்ஸ் இன் தி டார்க் விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ்ல (பகிர அனுமதிக்கிற உரிமம்) கிடைக்குது. அயர்ன்ஸ்வோர்ன் 2018ல வந்தது, முழுசா இலவசம், ஜி.எம். இல்லாமலும் ஆடலாம், அதனால ஜி.எம்.முக்கு உடம்பு சரியில்லாத வாரத்துலயும் மத்தவங்க உட்காரலாம். அபோகலிப்ஸ் வேர்ல்டு வழி வந்த ஆட்டங்கள்ல ரெண்டு ஆறுமுகப் பகடை உருட்டி, 10ம் அதுக்கு மேலயும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6ம் அதுக்குக் கீழயும் சிக்கல். மூணு வரியில விதி முடிஞ்சுபோச்சு.

இன்னொண்ணு. நம்ம வீட்டுத் தாயக்கட்டையே இதுக்குப் பொருந்தும், கணக்கோட சொல்றேன். பித்தளைக் கட்டை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் நாலு முகம்: வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு. மொத்தம் 16 விதமா விழலாம். ரெண்டும் வெறுமைன்னா பன்னிரண்டு, 16ல 1 வாய்ப்பு. தாயம் விழ 2 வாய்ப்பு. ரெண்டு விழ 3. மூணு விழ 4. நாலு விழ 3. அஞ்சுக்கு 2. ஆறுக்கு 1.

தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தா மறு ஆட்டம் உண்டுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாலையும் முழு வெற்றின்னு வையுங்க: 16ல 6, அதாவது 37.5 சதவீதம். மூணும் நாலும் விலை கொடுத்து வெற்றி: 16ல 7, கிட்டத்தட்ட 44. ரெண்டு விழுந்தா சிக்கல்: 16ல 3, கிட்டத்தட்ட 19. இப்போ ரெண்டு ஆறுமுகப் பகடையோட கூட்டல் 2 சேர்த்து உருட்டிப் பாருங்க: முழு வெற்றி 41.7, நடுத்தரம் 41.7, சிக்கல் 16.7. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. தன் தொழில்ல தேர்ந்த ஒரு பாத்திரத்துக்கு இது கச்சிதமான அளவு. பாத்திரத்துக்குப் பழக்கமில்லாத வேலைன்னா மூணையும் சிக்கல் பக்கம் தள்ளிடுங்க. அப்போ சிக்கல் 44 சதவீதமா ஏறும். ரெண்டே விதி, மனசுல நிக்கும்.

மூலக்கடை_மேப்

தாயக்கணக்கு பிரமாதம் அண்ணே, அதை மறுக்கல. ஆனா அவங்க நாலு பேருக்கும் ஏற்கெனவே தெரிஞ்சது டி அண்ட் டி. ஆன்லைனே புதுசு, அதோட விதியும் புதுசுன்னா ஒரே நேரத்துல ரெண்டு பளு. மேப் இல்லாம ஐந்தாம் பதிப்பை ஆடினா "அந்தக் காபிளின் எனக்கு எவ்வளவு தூரம்?"ன்ற கேள்வி ஒரு சுத்துக்கு நாலு தடவை வரும். ஒரு சின்ன மேப் அந்தக் கேள்வியையே இல்லாம பண்ணிடும். பெரிய நிலவறை மேப் வேண்டாம்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். சண்டை நடக்கிற ஒரு அறைக்கு மட்டும் மேப், மத்ததெல்லாம் பேச்சு.

தாயக்கட்டை

அந்த அளவுக்குச் சரி. ஒரு செஷனுக்கு ஒரு மேப், அதுக்கு மேல வேண்டாம்.

தண்டையார்பேட்டை_டி20

நிறைய தெளிவாச்சு. இருந்தாலும் பின்னாடி ஃபவுண்ட்ரி போக ஆசை இருக்கு. அதுக்குப் போர்ட் 30000 (வெளியில இருந்து லேப்டாப்புக்கு வர்ற வழியோட எண்) திறக்கணும்னு படிச்சேன். ரவுட்டர்ல திறந்தும் வெளியில இருந்து யாராலயும் வர முடியல. ரவுட்டர் பக்கத்துல முகவரி 100.72ன்னு ஆரம்பிக்குது.

பேசின்பிரிட்ஜ்_பாட்ச்

அந்த எண்ணுலயே விடை இருக்கு. 100.64 முதல் 100.127 வரைக்கும் ஆரம்பிக்கிற முகவரி பொது முகவரி கிடையாது. உங்க கேபிள்காரர் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறார். வெளியில இருந்து வர்ற கோரிக்கை அவர் கருவி வரைக்கும் வந்து நின்னுடும், உங்க ரவுட்டருக்கு வந்தே சேராது. நீங்க எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்ல.

வழி மூணு. கேபிள்காரர்கிட்ட நிலையான பொது முகவரி கேக்கலாம், மாசக் கட்டணம் கூடும். ரெண்டாவது, கிளவுட்ஃபிளேர் டன்னல் மாதிரி ஒரு சுரங்க வழி. உங்க லேப்டாப்ல ஒரு சின்ன நிரல் ஓடும், அது உள்ள இருந்து வெளியே இணைப்பு எடுத்து, ஆட்டக்காரங்களுக்கு ஒரு வலை முகவரி கொடுக்கும். தற்காலிக டன்னலுக்குக் கணக்குகூட தேவையில்ல, ஆனா ஒவ்வொரு தடவை ஆரம்பிக்கும்போதும் முகவரி மாறும், அன்னைக்கு லிங்க்கை அன்னைக்கே அனுப்பணும். மூணாவது, ஃபவுண்ட்ரிக்குன்னே இருக்கிற வாடகை சர்வர்ல ஏத்துறது. உங்க வீட்டுல கரண்ட் போனாலும் மத்த மூணு பேர் மேப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்ன்றது இதுல பெரிய லாபம்.

வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டின தெருன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல பத்துப் பதினஞ்சு ரவுட்டர் ஒண்ணு மேல ஒண்ணு மோதும். ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணுதான்: 1, 6, 11. செஷன் நேரத்துல 5 கிகாஹெர்ட்ஸ்க்கு மாறுங்க, இல்லன்னா பத்து மீட்டர் லேன் கேபிள் இழுத்துடுங்க. கேபிள்தான் என் ஓட்டு.

வியாசர்பாடி_வோல்ட்

கரண்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன்.

லேப்டாப்ல பேட்டரி இருக்கு, அதனால விழப்போறது ரவுட்டர் மட்டும்தான். அதுக்குன்னு மினி யூ.பி.எஸ். விக்குது. வாங்குறதுக்கு முன்னாடி ரவுட்டர் அடாப்டர்ல என்ன அச்சடிச்சிருக்குன்னு படிங்க: 12 வோல்ட் 1 ஆம்பியரா, 1.5ஆ, 2ஆ? 9 வோல்ட் ரவுட்டர்ல 12 வோல்ட்டைச் செருகினா ரவுட்டர் போயிடும். பின் அளவும் பாருங்க, வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் பொதுவானது, உள் துளை 2.1ஆ 2.5ஆன்னு மாறும். 2.5 பின்னை 2.1 இடத்துல செருகினா லூசா நின்னு, கை பட்டா ரீஸ்டார்ட் ஆகும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? பெட்டியில 8800 எம்ஏஎச்னு போட்டிருந்தா அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினா 32 வாட் மணி. மாத்துறதுல போற சேதாரம் கழிச்சா 27 கிட்ட. ரவுட்டர் 10 வாட் எடுத்தா இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு செஷனுக்குச் சரியா போதும். ஃபைபருக்குத் தனிப் பெட்டி, வைஃபைக்குத் தனிப் பெட்டின்னு ரெண்டு இருந்தா ரெண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ஆனா முக்கியமானது இது. சில கேபிள்காரர்கள் உங்க வீட்டு வரைக்கும் ஃபைபர் கொண்டு வராம, பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில ஒரு சுவிட்ச் பெட்டி வச்சு அங்கிருந்து லேன் ஒயர் விடுவாங்க. தெருவுல கரண்ட் போனா அந்தப் பெட்டியும் போயிடும், உங்க யூ.பி.எஸ். ரவுட்டரை மட்டும் எரிய விட்டுக்கிட்டு இருக்கும். வீட்டுக்குள்ள வர்ற ஒயர் மெல்லிசா, வளைச்சா உடையுற மாதிரி இருந்தா ஃபைபர். தடிமனா, டெலிபோன் கிளிப் மாதிரி பெரிய கிளிப் இருந்தா லேன். லேன்னா யூ.பி.எஸ். வாங்குற காசு வீண், போன் ஹாட்ஸ்பாட்டுக்குப் பழகிக்கோங்க.

ஹாட்ஸ்பாட் டேட்டாவைப் பத்திப் பயம் வேண்டாம். குரல் 64 கேபிபிஎஸ்னா ஒரு மணி நேரத்துக்கு ஒரு குரலுக்கு 29 எம்பி. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசுறார், அதனால இரண்டரை மணி நேரச் செஷன், வீடியோ இல்லாம, 200 எம்பிக்குள்ள அடங்கும். வீடியோவை அணைங்க, மேப்பை ஏற்கெனவே ஏத்தி வச்சிருங்க.

மின் வாரியப் பராமரிப்பு நிறுத்தம் காலையில ஆரம்பிச்சு மதியத்துல முடியும், உங்க மாலை 6:30க்கு அது இடிக்காது.

புளியந்தோப்பு_பகடை

சண்டை வேகத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நேர்ல ஒருத்தர் முறைக்கு ஒரு நிமிஷம்னா ஆன்லைன்ல ரெண்டரை ஆகும். மூணு ஆட்டக்காரங்க, ஜி.எம். பக்கம் நாலு எதிரி. ஒரு சுத்துக்குப் பத்து நிமிஷம் மேல போகும். அஞ்சு சுத்து நீடிச்சா உங்க ஒரு டீம்ஸ் அழைப்பு முழுக்கச் சண்டையிலயே போயிடும்.

குறைக்கிற வழி: தாக்குற டி20யையும் (இருபது முகப் பகடை) சேதப் பகடையையும் ஒண்ணா உருட்டச் சொல்லுங்க. எதிரிங்களுக்குச் சேதம் உருட்டவே வேண்டாம், புத்தகத்துலயே சராசரி இருக்கு. காபிளின் வாளுக்கு ஒரு ஆறுமுகப் பகடை கூட்டல் 2ன்னு இருக்கும் பக்கத்துலயே 5ன்னு அச்சடிச்சிருப்பாங்க. அஞ்சைக் கழிச்சுட்டு நகருங்க. இனிஷியேட்டிவை (யார் முதல்லன்ற வரிசை) ஆள் ஆளா வைக்காம, நம்ம பக்கம் முழுக்க, அப்புறம் எதிரிப் பக்கம் முழுக்கன்னு வையுங்க. மூணு பேரும் தங்களுக்குள்ள யார் முதல்லன்னு பேசிப்பாங்க, யாரும் போனை நோண்ட மாட்டாங்க. ஒவ்வொரு முறையும் "இப்போ மாரி, அடுத்து செல்வி தயாரா இருங்க"ன்னு ரெண்டு பேரைச் சொல்லுங்க.

எதிரிங்கள்ல பாதி விழுந்தா மிச்சம் ஓடட்டும். ஜெயிச்சாச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச அப்புறம் உருட்டுற பகடை ஒவ்வொண்ணும் நியூ ஜெர்சிக்காரரோட காலை நேரம்.

காசிமேடு_கலங்கரை

கதைக்களம் பத்தி யாரும் பேசலையே. நாலு பேரும் இந்தப் பக்கம் வளர்ந்தவங்கன்னா ஏன் எங்கேயோ இருக்கிற கோட்டைக்குப் போகணும்? வடசென்னைன்னாலே கத்தியும் கஞ்சாவும்னு சினிமா பழக்கிட்ட கண்ணோட்டத்தை நாம ஆட்டத்துலயும் தூக்கிக்கிட்டுப் போகக் கூடாதுன்றது என் உறுதியான எண்ணம். மில், துறைமுகம், ரயில், குத்துச்சண்டை, மீன்பிடின்னு எவ்வளவு இருக்கு.

ஒரு உதாரணம். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்குல எம்டன்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் மேல குண்டு போட்டுச்சு. துறைமுகப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகள் பத்திக்கிட்டு எரிஞ்சது. அரை மணி நேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு கப்பல் போயிடுச்சு. அப்புறம் ஜனம் ஊரை விட்டுக் கிளம்புச்சு. அப்போ கலங்கரை விளக்கு ஹைகோர்ட்டு கட்டட உச்சியில இருந்தது. 1856ல திறந்த ராயபுரம் ஸ்டேஷன் அப்போ கிட்டத்தட்ட அறுபது வயசான கட்டடம்.

பாத்திரங்கள்: துறைமுகக் கூலி ஒருத்தர், ராயபுரம் ஸ்டேஷன் குமாஸ்தா ஒருத்தர், கட்டுமரத்துல கடலுக்குப் போயிருக்கிற ஒருத்தர். பிளேட்ஸ் விதியில வர்ற கடிகாரத்தை எடுத்துக்கோங்க. வட்டத்தை எட்டுத் துண்டா வரைஞ்சு "எம்டன்"னு பேர் போடுங்க. ஆட்டம் இரவு எட்டு மணிக்கு ஆரம்பம். ஒவ்வொரு சிக்கல் விழும்போதும் ஒரு துண்டு கறுப்பு. எட்டும் நிறைஞ்சா முதல் குண்டு. ஆட்டக்காரங்களுக்கு வரலாறு தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. கட்டுமரத்துல இருக்கிறவர் விளக்கில்லாத ஒரு கப்பலைப் பார்த்துட்டார், கரைக்கு வந்து யார்கிட்ட சொல்லுவார், யார் நம்புவாங்க? மேப்புக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ராயபுரம் முதல் பாரிமுனை வரைக்கும் எடுத்து மேல கோடு போட்டுக்கோங்க. கரையோரம் மட்டும் இன்னைக்கு இருக்கிறபடி விட்டுடாதீங்க, துறைமுகம் அதுக்கப்புறம் எவ்வளவோ மாறியிருக்கு.

எருக்கஞ்சேரி_ஏடு

கலங்கரை சொன்ன களம் அருமை. நிஜ ஊரை வச்சு ஆடும்போது ஒரு ஏற்பாடு அவசியம். முதல் செஷனுக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஒதுக்கி, எது கதையில வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்காம திரை போடணும்னு ரெண்டு பட்டியல் எழுதுங்க. சாதிப் பேர் சொல்லித் திட்டுறது எந்தப் பட்டியல்ல வரணும்னு அங்கேயே தெளிவாப் பேசிடணும், 1914ன்னு சொல்லி அதைக் கதைக்குள்ள கொண்டு வர்றவங்க உண்டு. நேர்ல ஒருத்தர் முகம் வாடுறது தெரியும், குரல்ல தெரியாது. அதுக்குத்தான் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கின எக்ஸ் கார்டு. ஆன்லைன்ல அது சாட்ல ஒரு பெருக்கல் குறி. யார் போட்டாலும், ஏன்னு கேக்காம, காட்சியை அங்கேயே வெட்டி நகரணும். ஜி.எம்.முக்குத் தனியாவும் அனுப்பலாம்னு சொல்லி வையுங்க.

மொழிக்கு வர்றேன். ஐந்தாம் பதிப்போட எஸ்.ஆர்.டி. 5.1 (அடிப்படை விதிகள்) தொகுப்பு 2023 ஜனவரியில இருந்து கிரியேட்டிவ் காமன்ஸ்ல இருக்கு. மூலத்தைக் குறிப்பிட்டா யாரும் தமிழாக்கலாம், பகிரலாம். ஆனா முழுசா தமிழாக்கிட்டுத்தான் ஆடணும்னு உட்காராதீங்க. பலம், சாமர்த்தியம்னு ஆறு பண்பு, ஷீட்ல வர்ற முப்பது நாப்பது சொல், ஒரே ஒரு கூகுள் ஷீட். சேவிங் த்ரோ, ஆர்மர் கிளாஸ் மாதிரி எல்லார் வாயிலயும் பழகினதை அப்படியே விடுங்க. பாத்திரங்கள் பேசுறது தமிழா இருக்கட்டும். சந்தையில மீன் விலை பேசுற காட்சியை ஆங்கிலத்துல ஆடினா அதுல உப்பு இருக்காது.

மின்ட்_மணிக்கூண்டு

ரெண்டு செஷனுக்கு நடுவுல ரெண்டு வாரம் சும்மா விடாதீங்க. டெலிகிராம்ல ஒரு குழு வையுங்க. பகடை எமோஜியை மட்டும் தனியா அனுப்பினா ஒண்ணு முதல் ஆறு வரைக்கும் அவங்க சர்வரே உருட்டிக் காட்டும், அனுப்பினவர் மாத்த முடியாது. வாட்ஸ்அப்ல அந்த வசதி இல்ல. கடைக்குப் போறது, கடிதம் எழுதுறது, காயம் ஆறுறது எல்லாம் அங்க நடக்கட்டும். 48 மணி நேரத்துல பதில் வரலன்னா ஜி.எம். நகர்த்திடலாம்னு விதி. சண்டையை மட்டும் அங்க ஆரம்பிக்காதீங்க, ஒரு சுத்துக்கு நாலு நாள் ஆகும்.

தண்டையார்பேட்டை_டி20

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முடிவு இப்படி: சனிக்கிழமை 6:30, டீம்ஸ்ல 50 நிமிஷம் மூணு சுத்து, ஔல்பேர்ல ஒரே மேப், எழுத்துக்கு டிஸ்கார்ட். வீட்டுக்கு வர்ற ஒயரைப் பார்த்தேன், மெல்லிசுதான், யூ.பி.எஸ். வாங்கிடலாம். முதல் ஆட்டம் டி அண்ட் டி இல்ல, எம்டன். தாயக்கட்டை அண்ணன் சொன்ன விதி, மூணு பேர் வீட்டுலயும் கட்டை இருக்காம். கடைசியா ஒரு சந்தேகம்: கட்டையை உருட்டினா மைக்ல காது கிழியுது, கேமராவுல புள்ளியும் தெரியல.

தாயக்கட்டை

தரையில உருட்டாதீங்க. துண்டை நாலா மடிச்சு மேஜையில போட்டு அது மேல உருட்டுங்க, சத்தம் அடங்கும், கட்டையும் ஓடாது. போன் கேமராவை ரெண்டு புத்தக அடுக்குக்கு நடுவுல குறுக்கா வச்சு நேர் கீழ பார்க்கிற மாதிரி வையுங்க. பித்தளை பளபளன்னு இருந்தா வெளிச்சம் பட்டு புள்ளி மறையும். அதனால விளக்கு மேல இருந்து வேண்டாம், பக்கவாட்டுல தாழ்வா இருக்கட்டும். அப்போ புள்ளிக் குழியில நிழல் விழுந்து தெளிவாத் தெரியும். அப்படியும் தெரியலன்னா குழிக்குள்ள கொஞ்சம் கண்மையைத் தடவி மேல துடைச்சு விடுங்க.